புஷ்ஷா, ரோலரா? – ஒரு பழைய புல்லட்டின் எஞ்சின் கணக்கு

(நமது சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை. வர இயலாதவர்கள் கேட்டுக்கொண்டதால் எழுத்தில் தரப்படுகிறது.)



செயலாளர் என்னை வைப்புநிதி வட்டி, நாமினி இவற்றைப் பற்றித்தான் பேசச் சொன்னார். முப்பத்தைந்து வருஷம் கவுண்டரில் உட்கார்ந்து அதையே பேசியாகிவிட்டது. நாலு மாதமாக பார்க்கிங்கில் என் இடத்தில் எஞ்சின் இல்லாத ஒரு புல்லட் நிற்பதைப் பார்த்து, "என்ன சார், வித்தாச்சா?", "எடைக்குப் போடப் போறீங்களா?" என்று லிஃப்ட்டில் கேட்காதவர் இல்லை. எல்லோருக்கும் சேர்த்து ஒரே பதிலாகச் சொல்லிவிடலாம் என்று தலைப்பை மாற்றிக்கொண்டேன்.

வண்டி 1973 மாடல் புல்லட் 350. வங்கி ஊழியர் வாகனக் கடனில் 1988-ல் செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். வடகரையில் வீடு, செங்கோட்டையில் கிளை. போகவர இந்த வண்டிதான். ஞாயிற்றுக்கிழமை என்றால் பண்பொழி, மேக்கரை, அடவிநயினார் அணை வரை ஒரு சுற்று. சாரல் காலத்தில் குற்றாலத்துக்கு வரும் சொந்தக்காரர்களை அருவிக்கு ஏற்றிப் போனதும் இதில்தான்.

இந்த வண்டியின் பிறப்பை இரண்டு வரியில் சொல்லிவிடுகிறேன், பின்னால் தேவைப்படும். புல்லட் இங்கிலாந்தில் ரெடிட்ச் என்ற ஊரில் உருவானது. நம் ராணுவத்துக்கு எல்லையில் ஓட்ட வண்டி தேவைப்பட்டது. 1955-ல் சென்னை மெட்ராஸ் மோட்டார்ஸும் ரெடிட்ச் கம்பெனியும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியா என்று தொடங்கின. தொழிற்சாலை திருவொற்றியூரில். முதலில் பாகங்கள் அங்கிருந்து வந்து இங்கே பூட்டப்பட்டன. பிறகு எல்லாமே இங்கேயே செய்யப்பட்டன. 1970-ல் இங்கிலாந்துக் கம்பெனி மூடியே போயிற்று. 1977-ல் திருவொற்றியூர் புல்லட் இங்கிலாந்துக்கே ஏற்றுமதியானது. பெண்ணைக் கட்டிக்கொடுத்த வீடு நொடித்துப்போய், பேத்தி போய்த் தாங்கின கதை. அந்த இரும்பு சிலிண்டர் எஞ்சினை இரண்டாயிரத்துக்குப் பிறகும் பல வருஷம் செய்தார்கள். அரை நூற்றாண்டாக ஒரே அடிப்படை வரைபடம். அதனால்தான் இன்றைக்கும் பாகம் கிடைக்கிறது. ஒரே பாகம் ஏழெட்டு விதமாகக் கிடைப்பதற்கும் அதுதான் காரணம். வம்பு அங்கேதான் ஆரம்பம்.

சென்ற வருஷம் புளியரை தாண்டி ஆரியங்காவு ஏற்றத்தில் எஞ்சினுக்குள் 'டொக் டொக்' என்று ஒரு சத்தம். டேப்பெட் சத்தம் மேலே, மெல்லியதாக, கிளிக் கிளிக் என்று இருக்கும். இது அடியிலிருந்து வந்தது. ஆக்சிலரேட்டரை முறுக்கினால் கூடியது, விட்டால் குறைந்தது. மெக்கானிக் அண்ணாச்சி ஒரு நீள ஸ்க்ரூடிரைவரை எஞ்சின் கேஸில் வைத்து, கைப்பிடியில் காதை ஒட்டிக் கேட்டார். "பிக் எண்ட் போச்சு, அண்ணாச்சி. இதோட ஓட்டாதீங்க" என்றார். (எங்கள் பக்கம் இருவருமே ஒருவரையொருவர் அண்ணாச்சிதான்.)

பிக் எண்ட் என்றால் என்ன? பிஸ்டன் மேலும் கீழும் போகிறது. அதைச் சுழற்சியாக மாற்றுவது கனெக்டிங் ராடு. ராடின் கீழ்க்கண், இரண்டு பிளைவீலுக்கும் நடுவே இருக்கும் கிராங்க் பின்னைப் பிடித்துக்கொண்டு சுற்றுகிறது. அந்த இடம்தான் பிக் எண்ட். புல்லட் 350-ல் பிஸ்டன் ஒரு சுற்றுக்கு 90 மில்லிமீட்டர் ஏறி 90 இறங்குகிறது. நிமிடத்துக்கு 3,000 சுற்றில் ஓடினால் நிமிடத்துக்கு 540 மீட்டர் பயணம், நொடிக்கு 25 வெடிப்பு. அத்தனை அடியையும் வாங்குவது இந்த ஒரு பேரிங். ஓடும்போது இது இறுகிக்கொண்டால் பின் சக்கரம் அப்படியே பூட்டிக்கொள்ளும். எஸ் வளைவில், பின்னால் கேரளா லாரி வரும்போது அது நடந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. வீட்டில் பேரனும் பின்சீட்டில் ஏற ஆசைப்படுகிறான். ஆகவே இது பொழுதுபோக்கு விஷயமாக எனக்குப் படவில்லை.

பழைய புல்லட்டில் இந்த இடத்தில் கம்பெனி வைத்தது ஒரு மிதக்கும் புஷ். ஒரு வளையம். பின்னிலும் ஒட்டாது, ராடிலும் ஒட்டாது. நடுவில் எண்ணெய்ப் படலத்தில் மிதந்துகொண்டு தானும் சுற்றும். உடம்பெல்லாம் சிறு துளைகள், உள்பக்கத்திலிருந்து வெளிப்பக்கத்துக்கு எண்ணெய் போக. பின் சுற்றும் வேகத்தை இரண்டு பரப்புகள் பங்கிட்டுக்கொள்வதால் ஒவ்வொன்றிலும் உரசல் குறைவு. நல்ல யோசனைதான். எண்ணெய் இருக்கும் வரை உலோகத்தை உலோகம் தொடுவதே இல்லை. எண்ணெய் தடைப்பட்டால் புஷ்ஷுக்கு இரக்கம் கிடையாது.

இன்னொரு வழி ரோலர் பேரிங். புஷ்ஷுக்குப் பதில் சிறு உருளைகளைக் கூண்டில் அடுக்கிய பேரிங். புல்லட்டுக்கென்று இப்படி மாற்று செட் செய்வதில் இங்கிலாந்தில் ஆல்ஃபா என்ற பெயர் பிரபலம். நம் நாட்டிலும் செய்கிறார்கள். ரோலருக்கு எண்ணெய் அழுத்தம் வேண்டாம், நனைந்திருந்தால் போதும். காலையில் முதல் உதை உதைக்கும்போது எண்ணெய் இன்னும் வந்து சேராத அந்தச் சில நொடிகளை ரோலர் எளிதாகத் தாங்கும். கெட்டுப்போகும்போதும் பெரும்பாலும் இரைந்து இரைந்து முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் கெடும்.

இதைக் கேட்டதும் எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: "அப்போ ரோலரே போட்டுரலாமே!" எனக்குத் தெரிந்த புல்லட்காரர்கள் பத்துப் பேரில் எட்டுப் பேர் அதைத்தான் சொன்னார்கள். பி பிளாக்கில் எஸ்டி வைத்திருக்கும் நண்பர் ஒரு படி மேலே போய், "எங்க மைசூர் வண்டில எல்லாம் ரோலர்தான், புஷ்ஷாவது ஒண்ணாவது" என்றார். அவர் சொன்னது சரி. ஆனால் எஸ்டி டூ ஸ்ட்ரோக். அதில் பெட்ரோலோடு கலந்து வரும் கொஞ்சம் எண்ணெய்தான் கிராங்குக்கும். பம்பு வைத்து அழுத்தத்தோடு எண்ணெய் கொடுக்க வழியில்லாத இடத்தில் புஷ் நிற்காது, ரோலர் கட்டாயம். புல்லட் ஃபோர் ஸ்ட்ரோக். பம்பு இருக்கிறது. அங்கே இரண்டுக்கும் இடமிருப்பதால்தான் இந்தக் கேள்வியே.

ரோலரின் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். செட்டோடு பின்னும், பல சமயம் ராடும் மாற வேண்டும். நல்ல செட் விலை புஷ்ஷைப் போலப் பல மடங்கு. விலை மலிவான செட்டில் உருளையின் கடினத்தன்மை எப்படி என்று வெளியே பார்த்துச் சொல்ல முடியாது. கம்பெனிப் பெயர் இல்லாமல் பிளாஸ்டிக் கவரில் வரும் ரோலரில் பளபளப்பு மட்டும் நிச்சயம். இன்னொன்று, உருளை ஒரு கோட்டில்தான் தொடும். அந்தக் கோட்டில் துரு ஒரு புள்ளி விழுந்தால் அங்கிருந்து உரியத் தொடங்கும். நம் ஊர் ஜூன், ஜூலை ஈரத்தில் இரண்டு மாதம் ஓட்டாமல் நிற்கிற வண்டிக்கு இது சின்ன விஷயம் இல்லை.

ஆக, புஷ் நல்லதா ரோலர் நல்லதா என்ற கேள்வியைக் கடையில் யாரும் அப்படிக் கேட்பதில்லை. கையில் இருப்பது மூன்று சாமான்: நல்ல புஷ், விலை கூடிய நல்ல ரோலர், பெயர் தெரியாத ரோலர். நம்மில் பலர் முதலாவதை விட்டுவிட்டு, இரண்டாவதைப் பற்றிக் கேள்விப்பட்டு, மூன்றாவதை வாங்கி வருகிறோம். கடன் விண்ணப்பங்களில் பார்த்த பழக்கம் இது. பிராஜெக்ட் ரிப்போர்ட்டில் ஒரு மெஷின் இருக்கும், ஷெட்டில் வேறொன்று நிற்கும்.

நான் முடிவெடுக்கும் முன் மெக்கானிக்கிடம் கேட்டது வேறு கேள்வி: பழைய புஷ் ஏன் போயிற்று? வயதாகிப் போனதென்றால் அதே புஷ் போடலாம். எண்ணெய் வராமல் போனதென்றால் தங்கத்தில் புஷ் போட்டாலும் போகும். ரோலர் போட்டால் பிக் எண்ட் கொஞ்சம் தாங்கும், ஆனால் அந்தப் பிக் எண்டிலிருந்து தெறிக்கும் எண்ணெயை நம்பி மேலே இருக்கும் சிலிண்டர் சுவரும் பிஸ்டனும் காயும். அவர் பிரித்துப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். புஷ்ஷின் ஒரு பக்கம் நீலம் பாரித்திருந்தது. சூட்டின் அடையாளம். எண்ணெய்தான் காரணம்.

புல்லட்டின் எண்ணெய் ஓட்டத்தைக் கொஞ்சம் சொல்கிறேன், சுவாரசியமானது. எண்ணெய்த் தொட்டி தனியாக இல்லை, எஞ்சின் கேஸிலேயே ஒரு அறை. வலப்பக்க டைமிங் கவரில் இரண்டு சின்னப் பம்புகள். ஒன்று கொடுக்கும், ஒன்று திரும்ப எடுக்கும். கிராங்க் முனையில் இருக்கும் திருகுப் பற்சக்கரம் இரண்டையும் ஆட்டுகிறது. (அந்த நட்டுக்கு இடது மரை. தெரியாதவர் கையில் கொடுத்தால் கழற்றுவதாக நினைத்து முறுக்கி முடித்துவிடுவார்.) கொடுக்கும் பம்பிலிருந்து எண்ணெய் ஒரு ஃபெல்ட் ஃபில்டர் வழியாகப் போய், கவரிலிருந்து சுற்றும் கிராங்கின் முனைக்குள் நுழைகிறது. நிற்கிற கவருக்கும் சுற்றுகிற தண்டுக்கும் நடுவே எண்ணெய் வெளியே போகாமல் அடைத்துக்கொண்டிருப்பது எது தெரியுமா? ஒரு கார்க் வளையம். பாட்டில் மூடி செய்கிற அதே கார்க். அது காய்ந்து சுருங்கினால் பம்பு எவ்வளவு தள்ளினாலும் எண்ணெய் அங்கேயே கசிந்து கீழே விழும், பிக் எண்டுக்குப் போகாது. எஞ்சினிலேயே மிக மலிவான பாகம் அது. என் வண்டியில் கல்லாக இறுகிக் கிடந்தது. பம்பு வட்டுகளும் கோடு விழுந்திருந்தன.

ஆகவே என் கணக்கு இப்படிப் போயிற்று. ரோலருக்கு ஒதுக்கலாம் என்று நினைத்த பணத்தில் புதிய பம்பு இரண்டு, வட்டுகளைப் பரப்போடு அரைத்துச் சேர்க்கும் வேலை, ஸ்பிரிங், கார்க், ஃபில்டர். பிக் எண்டுக்குத் தரமான புஷ்ஷும் புதிய பின்னும். மிச்சம் பிளைவீல் நேர் பார்க்க. பிளைவீல் இரண்டையும் பின்னில் பூட்டி, லேத்தில் இரு முனையில் தாங்கி, டயல் கேஜ் வைத்து, செம்புச் சுத்தியலால் தட்டித் தட்டி நேராக்க வேண்டும். ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்குக்கு மேல் ஆட்டம் இருக்கக் கூடாது என்பது நான் கேட்டுக்கொண்டது. அந்த லேத் பட்டறைக்காரர் அரை நாள் தட்டினார். புஷ்ஷோ ரோலரோ, இந்த அரை நாள் இல்லாவிட்டால் இரண்டும் ஒன்றுதான்.

மாதத்தில் ஒருமுறை கொல்லம் வரை, மதுரை வரை எண்பதில் ஓட்டுகிற இளைஞர்கள் இங்கே இருந்தால், கையில் காசும் இருந்தால், நல்ல ரோலர் போடுங்கள், தடுக்க மாட்டேன். நான் ஓட்டுவது நாற்பது ஐம்பதில். ஆயில் காலத்தில் மாற்றுகிறவன். எனக்குப் புஷ் போதும்.

பாகம் எங்கே வாங்குவது என்று கேட்கிறவர்களுக்கு: சென்னையில் ஜெனரல் பாட்டர்ஸ் ரோடு, பழையதற்குப் புதுப்பேட்டை. டெல்லி கரோல் பாக்கில் புல்லட்டுக்கென்றே கடைவரிசை உண்டு. லூதியானாவிலிருந்து வருவது விலை குறைவு, தரம் கடைக்குக் கடை வேறு. பழைய ஸ்டாக், பெட்டி பிரிக்காதது என்று கிடைத்தால் இரும்புச் சாமான் தாராளமாக வாங்கலாம். அன்றைய எஃகு நன்றாக இருக்கும். ஆனால் முப்பது வருஷப் பெட்டியில் இருக்கும் ஆயில் சீலும் கார்க்கும் பெட்டிக்குள்ளேயே வயதாகிக் கிடக்கும். அவற்றைப் புதிதாகவே வாங்குங்கள். வெர்னியர் இல்லாமல் கடைக்குப் போகாதீர்கள். ஒன்று மறந்துவிட்டேன்: இது இங்கிலீஷ் வரைபட வண்டி, பல இடங்களில் அங்குல மரை. 'ஏறக்குறைய சேருதே' என்று மெட்ரிக் போல்ட்டை முறுக்கினால் அலுமினியக் கேஸ் மரை போய்விடும்.

அடுத்தது பிஸ்டன். சிலிண்டர் தேய்ந்து முட்டை வடிவாகிவிட்டால் போர் அடித்து ஒரு சைஸ் பெரிய பிஸ்டன் போட வேண்டும். அசல் விட்டம் 70 மில்லிமீட்டர். அரை அரை மில்லிமீட்டராகக் கூட்டிக்கொண்டு போவார்கள். ஒவ்வொரு போரும் சிலிண்டர் ஆயுளில் ஒரு தவணை. வைப்புநிதியில் வட்டியை எடுக்காமல் அசலையே எடுத்துச் சாப்பிடுகிற மாதிரி. ஆகவே சின்ன சைஸில் சரியாக வருமென்றால் பெரியதற்குத் தாவக் கூடாது. "இன்னும் அரை எடுத்தா சுத்தமா இருக்கும்" என்று பட்டறையில் சொல்வார்கள். அவர்களுக்கு ஒரே தரத்தில் வேலை முடியும், நமக்கு ஒரு தவணை போகும். கடைசி சைஸும் முடிந்திருந்தால் புது லைனர் இறக்கி மறுபடி 70-க்கே வரலாம். நான் அப்படித்தான் செய்தேன்.

பிஸ்டனிலும் ரகம் உண்டு. சாதாரண வார்ப்புப் பிஸ்டன், அடித்துச் செய்த ஃபோர்ஜ்டு பிஸ்டன். ஃபோர்ஜ்டு வலுவானது. ஆனால் சூட்டில் அதிகம் விரியும் என்பதால் இடைவெளி கூட வைக்க வேண்டும், காலையில் சூடேறும் வரை கடகடவென்று அடிக்கும். ஆறரை மணிக்கு ஏ பிளாக் தூங்கிக்கொண்டிருக்கும்போது அந்தச் சத்தம் வேண்டாம் என்று வார்ப்பே போட்டேன். அமுக்க விகிதத்தைக் கூட்டும் பிஸ்டனையும் காட்டினார்கள். இந்த எஞ்சினுக்கு முதலில் வைத்தது 6.5-க்கு 1. கூட்டினால் கொஞ்சம் பாய்ச்சல் வரும். அந்தப் பாய்ச்சலை வாங்கப்போவது நான் இப்போதுதான் காசு போட்ட அதே புஷ். கிக்கரும் திருப்பி உதைக்கும், இந்த முழங்காலுக்கு அது வேறு செலவு.

இன்னும் சிலர், "350-ஐ 500 ஆக்கிரலாம் சார், ஸ்ட்ரோக் ஒண்ணுதானே" என்பார்கள். உண்மைதான். 500-க்கும் ஸ்ட்ரோக் 90 மில்லிமீட்டர், விட்டம் மட்டும் 84. ஆனால் ஆர்.சி. புத்தகத்தில் 346 சி.சி. என்று இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரம் மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் அதையே உறுதியாகச் சொன்னது. விபத்து என்று ஒன்று வந்து இன்சூரன்ஸ்காரர் எஞ்சினைப் பார்த்தால் என்ன பதில் சொல்வோம்? தேய்மானத்துக்குப் போர் அடிப்பது வேறு, அதற்குக் கம்பெனியே பெரிய சைஸ் பிஸ்டன் கொடுத்தது. வண்டியையே வேறாக்குவது வேறு.

சட்டம் என்றதும் இன்னொன்று. 2021 ஜூலையில் மத்திய அரசு, முதல் பதிவிலிருந்து 50 வருஷம் தாண்டிய, அசல் வடிவத்திலேயே உள்ள, எஞ்சினிலோ சேசிஸிலோ பெரிய மாற்றம் செய்யாத வண்டிகளுக்கு 'விண்டேஜ்' பதிவு என்று கொண்டுவந்தது. எண்ணில் 'விஏ' என்ற எழுத்து வரும். புதுப் பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய், 10 வருஷத்துக்கு. பிறகு புதுப்பிக்க 5,000. என் வண்டி 50 தாண்டிவிட்டது. ஆனால் அந்தப் பதிவில் அன்றாடம் சாலையில் ஓட்ட முடியாது. கண்காட்சி, ரேலி, பெட்ரோல் போட, பழுது பார்க்க என்று சிலவற்றுக்குத்தான். காய்கறி வாங்கத் தென்காசி மார்க்கெட்டுக்குப் போகிற வண்டிக்கு அது எதற்கு? 5 வருஷத்துக்கு ஒருமுறை எஃப்.சி. காட்டிப் புதுப்பிக்கும் சாதாரணப் பதிவிலேயே வைத்திருக்கிறேன். விண்டேஜ் பதிவு வேண்டும் என்று நினைப்பவர்கள் ரோலர், எலெக்ட்ரானிக் இக்னிஷன் என்று எதையும் தொடாமல் அசல் பாகமே போட்டு, பில்லைப் பத்திரமாக வையுங்கள்.

கார்புரேட்டருக்குப் பின்னாளில் புல்லட்டில் வந்த மிக்கார்ப் போட்டேன், ஜெட் சுலபமாகக் கிடைக்கிறது. இப்போது வரும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். அது பழைய ரப்பரையும் கார்க்கையும் ஊதவைக்கும், ஈரத்தை இழுக்கும். பெட்ரோல் குழாய், டேங்க் திருகுக் குழாயின் வாஷர், ஃப்ளோட் ஊசி எல்லாம் எத்தனால் தாங்கும் ரகமாக மாற்றச் சொல்லுங்கள். பழைய ஸ்கூட்டர் வைத்திருப்பவர்களுக்கும் இது பொருந்தும். பார்க்கிங்கில் பெட்ரோல் வாடை வந்தால் நம் எல்லோருக்கும் ஆபத்து. பாயிண்டை மாற்றவில்லை. வழியில் நின்றால் உப்புத்தாளில் தேய்த்துக் கிளப்பலாம். எலெக்ட்ரானிக் நின்றால் தள்ளிக்கொண்டுதான் வர வேண்டும்.

பூட்டி முடித்த அன்று உதைக்கும் முன் பிளக்கைக் கழற்றிவிட்டு ஐம்பது அறுபது முறை கிக்கரை மெதுவாக மிதிக்கச் சொன்னார் மெக்கானிக், எண்ணெய் புஷ் வரை போய்ச் சேர. ஸ்டார்ட் ஆனதும் தலைப்பகுதியில் ராக்கருக்குப் போகும் குழாயின் போல்ட்டைச் சற்றே தளர்த்தினார். எண்ணெய் துளிர்த்து வந்தது. பம்பு ஓடுகிறது என்று அர்த்தம். அதன் பிறகுதான் டீ குடிக்கப் போனார்.

போன வாரம் வரை 620 கிலோமீட்டர். ஆயிரம் வரை ஐம்பதைத் தாண்டுவதில்லை, மலை ஏறுவதில்லை, பின்சீட்டில் ஆள் இல்லை. 100-ல் ஒருமுறை, 500-ல் ஒருமுறை ஆயில் மாற்றியாயிற்று. முதல் தடவை வடித்ததில் சாம்பல் நிறத் தூள் கொஞ்சம், இரண்டாவதில் இல்லை. வண்டிக்குக் கீழே இருக்கும் தட்டை யாரும் எடுத்துவிட வேண்டாம், அது சங்கத்தின் டைல்ஸுக்காக வைத்தது. சந்தேகம் இருப்பவர்கள் இப்போதே கேட்கலாம். லிஃப்ட் பராமரிப்பு ஒப்பந்தம் பற்றிப் பேசப் பொருளாளர் காத்திருக்கிறார், ஆகவே பத்து நிமிடத்துக்குள்.